தனியே பறந்த லீ நா

டென்னிஸ் என்றதும் நம் நினைவுக்கு வரும் பெயர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர்களாகவே இருக்கும். பூப்பந்திலும் மேசைப்பந்திலும் ஆசியர்கள் உலகை ஆண்டுகொண்டிருந்த காலத்தில்கூட, டென்னிஸ் ஒற்றையர் ஆட்டத்தின் உச்சிப்படி நமக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தது. ஜப்பானின் கிமிகோ டாத்தே 1990களில் மூன்று கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் அரையிறுதிவரை வந்தார். அதற்குமேல் எவராலும் செல்ல முடியவில்லை.

2011ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் அந்த நிலை மாறியது. பாரிஸ் நகரின் செம்மண் களத்தில் சீனாவின் லீ நா பிரெஞ்சுப் பொதுப் போட்டியின் மகளிர் ஒற்றையர் கிண்ணத்தை வென்றார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் ஆசிய நாட்டவர் அவர். சீனாவில் மட்டும் 11 கோடியே 60 இலட்சம் பேர் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகக் கணக்கிடப்பட்டது.

வெற்றிக் கதைகள் நமக்குப் புதியவை அல்ல. லீ நாவின் கதையைப் பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் படிக்க வேண்டியதற்கு வேறொரு காரணம் உண்டு. ஒருவரின் திறமை யாருக்குச் சொந்தம்? அதைக் கண்டெடுத்து, செலவு செய்து, வளர்த்து ஆளாக்கியவர்களுக்கா? அல்லது அத்திறமையைத் தன் உடலில் சுமப்பவருக்கா? லீ நாவின் பதினைந்து ஆண்டு தொழில்முறை வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்தது.

பூப்பந்திலிருந்து டென்னிசுக்கு

லீ நா 1982ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் சீனாவின் ஹூபெய் மாநிலத் தலைநகரான வூஹானில் பிறந்தார். தந்தை ஒரு பூப்பந்து விளையாட்டாளர். கலாசாரப் புரட்சிக் காலத்தில் அவரது விளையாட்டு வாழ்க்கை பாதியிலேயே நின்றுபோனது. தம்மால் முடியாததை மகளாவது செய்து காட்டட்டும் என்று சிறு வயதிலேயே மகளைப் பூப்பந்துப் பயிற்சிக்கு அனுப்பினார்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். ஆனால், எந்த நிலத்தில் விளையும் என்பது முளையைப் பார்த்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிடுவதில்லை. பூப்பந்துக்கு மணிக்கட்டின் நளினம் முக்கியம். சிறுமி லீ நாவோ தோளையும் முழுக் கையையும் வீசி அடித்தார். அதைக் கவனித்த டென்னிஸ் பயிற்றுநர் ஒருவர், இவள் வர வேண்டியது தம்மிடம் என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ எட்டு வயது. சீனாவில் டென்னிஸ் பரவாத காலம் அது. பயிற்றுநர்களும் பெற்றோரும் பேசி ஒப்புக்கொண்டார்கள். சிறுமியின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்று பின்னாளில் லீ நா கூறியிருக்கிறார்.

இந்த இடத்தில் சீன விளையாட்டு முறையைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. அங்கே விளையாட்டு அரசின் பொறுப்பு. திறமை தென்படும் குழந்தைகள் சிறு வயதிலேயே விளையாட்டுப் பள்ளிகளில் சேர்க்கப்படுவர். அங்கிருந்து மாநில அணி, அதன்பின் தேசிய அணி. தங்குமிடம், உணவு, பயிற்சி, வெளிநாட்டுப் பயணம் ஆகிய அனைத்தையும் அரசே ஏற்கும். அதற்கு ஈடாக, எந்தப் போட்டியில் ஆடுவது, யாரிடம் பயில்வது, யாருடன் இணைந்து இரட்டையர் ஆடுவது என்பவற்றையும் அக்காலத்தில் அரசே தீர்மானித்தது. விளையாட்டாளர் ஈட்டிய பரிசுப் பணத்தில் பெரும்பகுதியும் அரசுக்கே சேர்ந்தது. ஒலிம்பிக் பதக்கமே இறுதி இலக்கு.

டென்னிஸ் போன்ற செலவு மிகுந்த விளையாட்டில் ஒரு சாதாரண வூஹான் குடும்பத்துப் பெண் கால் பதிக்க இம்முறை இல்லாமல் வழியே இருந்திருக்காது. இதை நாம் மறந்துவிடக் கூடாது. அதே வேளையில் அந்தப் பயிற்சி கடுமையானது. திட்டித் திட்டியே வளர்ப்பது அங்கு வழக்கம். பல ஆண்டுகள் தம்மைப் பயிற்றுவித்தவரிடமிருந்து ஒரு பாராட்டுச் சொல்லைக்கூடக் கேட்டதில்லை என்பது லீ நாவின் மனத்தில் நெடுநாள் தங்கிய காயம். ஆட்டத்தின் நடுவே தம்மையே கடிந்துகொண்டு தடுமாறும் பழக்கம் பிற்காலத்தில் அவரிடம் அடிக்கடி தலைகாட்டியது. அதன் வேர் இங்கேதான் இருந்தது.

பதினான்கு வயதில் இன்னொரு பேரிடி விழுந்தது. தந்தை அரியதொரு இரத்தநாள நோயால் காலமானார். குடும்பத்தின் தலையில் கடன் ஏறியது. அதுவரை பிறர் சொன்னதற்காக ஆடியவர், இனி வீட்டுக்காகவும் ஆட வேண்டியதாயிற்று.

மேசைமேல் ஒரு கடிதம்

1999இல் லீ நா தொழில்முறை ஆட்டக்காரரானார். முன்னேற்றம் வேகமாக இருந்தது. 2001இல் பெய்ஜிங்கில் நடைபெற்ற உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளில் தங்கம் வென்றார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருப்பதுபோல் வெளியே தோன்றியது.

உள்ளே நிலைமை வேறு. உடலில் சுரப்பிக் கோளாறு. தொடர்ந்து ஆட வேண்டுமென்றால் மருந்து உட்கொள்ள வேண்டும் என்றார்கள். அந்த மருந்து அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சக ஆட்டக்காரரான ஜியாங் ஷானுடன் ஏற்பட்ட காதலை அணி நிர்வாகம் விரும்பவில்லை. தமக்கென ஒரு பயிற்றுநர் வேண்டும் என்ற கோரிக்கையும் நிறைவேறவில்லை. 2002ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள், ஓய்வு பெற அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தைத் தங்கும் விடுதி அறையின் மேசைமேல் வைத்துவிட்டு, அதிகாலையில் அவர் பெய்ஜிங் பயிற்சி மையத்தை விட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது இருபது.

எங்கே சென்றார்? பல்கலைக்கழகத்துக்கு! சொந்த ஊரான வூஹானில் உள்ள ஹுவாசோங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கச் சேர்ந்தார். ஜியாங் ஷானும் உடன் சேர்ந்தார். நமக்கெல்லாம் விரிவுரைகளும் தேர்வுகளும் சுமையாகத் தெரியலாம். எட்டு வயது முதல் பிறர் வகுத்த கால அட்டவணையில் வாழ்ந்த ஒருவருக்கு அந்த வகுப்பறை வாழ்க்கைதான் முதல் விடுதலையாக இருந்தது. எப்போது எழுவது, என்ன படிப்பது, யாரோடு உண்பது என்பதைத் தாமே முடிவு செய்தார். ஏறத்தாழ ஈராண்டுகள் அவர் தொழில்முறைக் களத்தை எட்டிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவர்

2004இல் தேசிய டென்னிஸ் நிர்வாக மையத்தின் தலைவியாக இருந்தவர் சுன் ஜின்ஃபாங். முன்பு சீனக் கைப்பந்து அணியில் உலக வெற்றியாளராக விளங்கியவர். விளையாட்டாளரின் மனம் அறிந்தவர். அவர் லீ நாவைத் தேடிச் சென்று, உனக்காக ஆடு என்ற கருத்தில் பேசினார். நாட்டுக்காக ஆடு என்று மட்டுமே கேட்டுப் பழகிய செவிக்கு அது புதிய சொல். லீ நா திரும்பினார்.

டென்னிசில் திரும்புவது எளிதன்று. உலகத் தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளின் கூட்டுத்தொகை. ஆடாமல் இருந்தால் புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, பெயர் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். பெயர் இல்லாதவர்கள் பார்வையாளர் அதிகம் இல்லாத சிறு ஊர்ப் போட்டிகளில் தொடங்க வேண்டும். பெரிய போட்டிகளில் நுழையத் தகுதிச் சுற்றுகளைத் தாண்ட வேண்டும். லீ நா அந்த அடிப்படியிலிருந்தே ஏறினார். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் குவாங்சோ போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து புறப்பட்டுக் கிண்ணத்தையே வென்றார். மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் சீனப் பெண் அவர்தான்.

2006இல் ஜியாங் ஷானைத் திருமணம் செய்துகொண்டார். அவ்வாண்டு விம்பிள்டனில் காலிறுதிக்கு முன்னேறினார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் அந்நிலையை எட்டிய முதல் சீனரும் அவரே. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீனஸ் வில்லியம்சை வீழ்த்தி அரையிறுதிக்குச் சென்று, நான்காம் இடத்தில் முடித்தார்.

தனிப்பறப்பு

பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்த பின்னர், 2008இன் இறுதியில், சீன விளையாட்டுத் துறை அதுவரை காணாத ஒரு மாற்றம் நிகழ்ந்தது. லீ நா, செங் ஜியே, யான் சி, பெங் ஷுவாய் ஆகிய நால்வர் தேசிய முறையை விட்டு விலகித் தனியே தொழில் நடத்த அனுமதிக்கப்பட்டனர். சீன மொழியில் இதற்குத் 'தான்ஃபெய்' என்று பெயர். தனியே பறத்தல் என்பது பொருள்.

முன்பு பரிசுப் பணத்தில் 65 விழுக்காட்டை அரசுக்குச் செலுத்தியவர்கள், இனி 8 முதல் 12 விழுக்காடு செலுத்தினால் போதும். கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பயிற்றுநரின் சம்பளம், உடற்பயிற்சி வல்லுநரின் சம்பளம், விமானச் சீட்டு, தங்கும் விடுதி, மருத்துவச் செலவு ஆகிய அனைத்தும் இனி ஆட்டக்காரரின் தலையில். முதல் சுற்றிலேயே தோற்றாலும், காயம் பட்டுப் படுத்தாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அப்போது லீ நாவுக்கு வயது 26. முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அந்த நிலையில் பாதுகாப்பான கூட்டை விட்டு வெளியேற அவர் துணிந்தார்.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 2010 ஆஸ்திரேலியப் பொதுப் போட்டியில் அரையிறுதி. உலகின் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்த முதல் சீனர் என்ற பெருமை. மறு ஆண்டு அதே மெல்பர்ன் நகரில் அரையிறுதியில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் கரோலின் வோஸ்னியாக்கியிடம் தோல்வியின் விளிம்பில், ஒரே புள்ளி தொலைவில் நின்றவர், அங்கிருந்து மீண்டு வென்றார். இரவெல்லாம் கணவர் விட்ட குறட்டையால் தூக்கமே இல்லை என்று ஆட்டம் முடிந்ததும் அவர் ஒலிபெருக்கியில் சொல்ல, அரங்கமே சிரித்தது. சீன விளையாட்டாளர் என்றால் முகத்தை இறுக்கிக்கொண்டு நாட்டுக்கு நன்றி கூறுபவர் என்று எண்ணியிருந்த உலகம் வேறொருவரைக் கண்டது.

நான்கு இறுதியாட்டங்கள்

லீ நா நான்கு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதியாட்டங்களில் ஆடினார். இரண்டில் வெற்றி, இரண்டில் தோல்வி.

முதலாவது 2011 ஜனவரியில், மெல்பர்னில். முதல் செட்டை 6-3 என்று வென்றவர், அடுத்த இரண்டையும் 3-6, 3-6 என்று கிம் கிளைஸ்டர்சிடம் இழந்தார். அரங்கிலிருந்த சீன இரசிகர்கள் எப்படி ஆடுவது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்களை நிறுத்தச் சொல்லுங்கள் என்று நடுவரிடம் அவர் முறையிட வேண்டியதாயிற்று. ஆளுக்கு ஆள் கட்டளையிடும் பழைய வாழ்க்கை, இறுதியாட்டத்திலும் பார்வையாளர் வடிவில் வந்து நின்றது போலும்!

அதன்பின் தொடர் தோல்விகள். கணவரே பயிற்றுநராகவும் இருப்பது இருவருக்கும் சுமையாக இருந்ததால், டென்மார்க்கைச் சேர்ந்த மைக்கல் மோர்டன்சனிடம் பொறுப்பு சென்றது. சில வாரங்களிலேயே பாரிஸ். செம்மண் களம் லீ நாவுக்குப் பிடித்தமானதன்று. இருந்தும் காலிறுதியில் விக்டோரியா அசரென்கா, அரையிறுதியில் மரியா ஷரபோவா, இறுதியில் முந்தைய ஆண்டின் வெற்றியாளர் பிரான்செஸ்கா ஸ்கியவோனே என வரிசையாக வீழ்த்தினார். 6-4 என்று முதல் செட்டை வென்ற அவர், இரண்டாம் செட்டின் சமன்முறி ஆட்டத்தில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாவது 2013இல், மீண்டும் மெல்பர்னில், அசரென்காவுடன். முதல் செட்டை வென்ற பிறகு கணுக்கால் புரண்டு விழுந்தார். கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். மூன்றாம் செட்டில் மறுபடியும் விழுந்து, தலை தரையில் மோதியது. எழுந்து ஆடினார், தோற்றார். அந்த இரவில் கிண்ணம் பெற்றவருக்கு நிகராக அவரும் இரசிகர்களின் உள்ளத்தில் இடம்பிடித்தார்.

நான்காவது 2014இல். பெல்ஜியத்தின் ஜஸ்டின் ஹெனினை உருவாக்கிய கார்லோஸ் ரொட்ரிகஸ் 2012 முதல் லீ நாவின் பயிற்றுநர். முப்பதைத் தாண்டியவரின் உடற்பயிற்சியை அவர் அடியோடு மாற்றியமைத்தார். மூன்றாம் சுற்றில் லூசி சபரோவாவிடம் தோல்விப் புள்ளிவரை சென்று தப்பிய லீ நா, இறுதியில் டொமினிகா சிபுல்கோவாவை 7-6, 6-0 என்று வென்றார். அப்போது அவருக்கு வயது 31. பொதுப் போட்டிக் காலத்தில் ஆஸ்திரேலியக் கிண்ணத்தை வென்ற மகளிரில் அன்றைய நிலையில் அவரே மூத்தவர். அடுத்த மாதம் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தை அடைந்தார். ஆசியர் ஒருவர் அதுவரை எட்டியிராத உயரம் அது. 2019இல் ஜப்பானின் நவோமி ஒசாகா முதலிடம் பெறும்வரை அது நிலைத்தது.

கடன் யாருக்கு?

வென்றால் நாட்டின் மகள், தோற்றால் நன்றி கெட்டவள். இந்த இரண்டுக்கும் இடையில் லீ நா பல ஆண்டுகள் ஊசலாடினார். 2013 பிரெஞ்சுப் பொதுப் போட்டியில் இரண்டாம் சுற்றிலேயே தோற்றபோது, தாய்நாட்டு இரசிகர்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று சீனச் செய்தியாளர் ஒருவர் கேட்டார். தோற்றதற்காக அவர்கள் முன் மண்டியிட வேண்டுமா என்ற பொருளில் லீ நா வெடித்தார். அரசு ஏடுகள் அவரைக் கண்டித்தன. இணையத்தில் வசைமாரி பொழிந்தது.

2014இல் மெல்பர்ன் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி அவர் ஆற்றிய உரையில், தம்மைப் பணக்காரியாக்கிய முகவருக்கும், தம்மோடு ஊர் ஊராக அலைந்த கணவருக்கும், பயிற்றுநருக்கும் நகைச்சுவையோடு நன்றி கூறினார். நாட்டைப் பற்றிப் பேசவில்லை. சில நாள்களில் வூஹான் திரும்பியவருக்கு ஹூபெய் மாநில அரசு 800,000 யுவான் பரிசளித்தது. விமான நிலையத்தில் அதிகாரிகளோடு அப்பெரிய காசோலை அட்டையைப் பிடித்தபடி நின்ற லீ நாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தப் படம் நாடெங்கும் பரவியது. ஏற்கெனவே செல்வந்தராகிவிட்ட ஒருவருக்குப் பொதுப்பணத்தைக் கொடுப்பானேன் என்று மக்களில் பலர் கேட்டார்கள். பரிசு கொடுத்தால் வெற்றியில் பங்கு கேட்கலாம் என்று அதிகாரிகள் எண்ணியிருக்கக்கூடும்.

இதில் யார் பக்கம் நியாயம்? லீ நாவுக்கு எட்டு வயது முதல் உணவும் மட்டையும் பயிற்றுநரும் கொடுத்தது அரசு முறைதான். அவரைச் சலிப்படையச் செய்து இருபது வயதில் துரத்தியதும் அதே முறைதான். அம்முறைக்குள்ளேயே சுன் ஜின்ஃபாங் போன்ற ஒருவர் இருந்ததால்தான் அவர் திரும்பி வந்தார். பின்னர் கதவும் திறந்தது. முழுக்க முழுக்க முறையை எதிர்த்தவர் என்று லீ நாவைப் போற்றுவதும், முறையின் படைப்பு என்று உரிமை கொண்டாடுவதும் பாதி உண்மைகளே. அடித்தளம் அங்கே போடப்பட்டது; கிண்ணங்கள் அவர் தனியே பறந்த பிறகு வந்தன. இரண்டையும் சேர்த்தே நாம் காண வேண்டும்.

விட்டுச் சென்றவை

2014 அக்டோபரில் மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஆண்டிறுதிப் போட்டி முதன்முறையாகச் சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கில் நடைபெற்றது. ஓராண்டுக்கு முன் இஸ்தான்புல்லில் அப்போட்டியின் இறுதிவரை வந்து செரீனா வில்லியம்சிடம் தோற்றிருந்தார் லீ நா. இங்குள்ள இரசிகர்களுக்கு அவரைக் காணும் வாய்ப்புக் கிட்டவில்லை. செப்டம்பர் 19ஆம் நாளே அவர் ஓய்வை அறிவித்துவிட்டார். முழங்கால்களில் நான்கு அறுவைச் சிகிச்சைகள். இனி உடல் ஒத்துழைக்காது என்று இரசிகர்களுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். சொந்த ஊரான வூஹானில் முதல் பன்னாட்டு மகளிர் டென்னிஸ் போட்டி தொடங்கவிருந்த வேளை அது. அப்படியொரு போட்டி அங்கே வந்ததற்கே அவர்தான் முதற்காரணம். ஆனால், அதில் ஆட அவர் கால்கள் இடம் தரவில்லை.

503 வெற்றிகள், 188 தோல்விகள், 9 சங்கப் பட்டங்கள், ஒரு கோடியே 67 இலட்சம் அமெரிக்க டாலர் பரிசுப் பணம். எண்கள் சொல்வது இவ்வளவு. 2019இல் அனைத்துலக டென்னிஸ் புகழரங்கில் அவர் இடம்பெற்றார். ஆசியாவிலிருந்து அங்கு இடம்பிடித்த முதல் ஆட்டக்காரர் அவர். ஐந்தாண்டுகளுக்குப் பின், 2024இல், சென்னையின் விஜய் அமிர்தராஜும் லியாண்டர் பயசும் அதே அரங்கில் சேர்க்கப்பட்டனர்.

அதே 2024இல் இன்னொன்றும் நடந்தது. ஹூபெய் மாநிலத்தில் பிறந்து, வூஹானில் பயின்ற செங் சின்வென் ஆஸ்திரேலியப் பொதுப் போட்டியின் இறுதிக்கு முன்னேறினார். பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் ஒற்றையர் தங்கத்தையும் வென்றார். லீ நா பாரிசில் வென்றபோது செங் எட்டு வயதுச் சிறுமி. ஆசியர் ஒருவராலும் வெல்ல முடியும் என்பதை லீ நாவிடம் கண்டதாக அவர் கூறியிருக்கிறார். எட்டு வயதில் விருப்பம் கேட்கப்படாத ஒரு சிறுமி, இன்னொரு எட்டு வயதுச் சிறுமியின் விருப்பமாக மாறினார்.

நம்மில் பலர் உபகாரச் சம்பளத்தில் படிக்கிறோம். சிலர் பெற்றோர் தேர்ந்தெடுத்த துறையில் படிக்கிறோம். நம்மை ஆளாக்கியவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் உண்மையானது. அதை அடைத்தே ஆக வேண்டும். ஆனால், அந்தக் கடனை எந்த வடிவில் அடைப்பது என்பதில் நமக்கும் ஒரு சொல் உண்டு. லீ நா இருபது வயதில் விலகிச் சென்றார். இருபத்திரண்டில் தம் விருப்பத்தோடு திரும்பினார். இருபத்தாறில் செலவையும் பொறுப்பையும் தம் தோளில் ஏற்றிக்கொண்டு பறந்தார். அடம்பிடித்து விலகியவர்கள் எத்தனையோ பேர். விலகிய பின் அதற்குரிய விலையைத் தாமே செலுத்தியவர்கள் குறைவு. நண்பர்களே, உரிமை கேட்கும்போது அதன் விலைச்சீட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்வோம்.